ஈஸ்டர் முட்டை மரம்

ஈஸ்டர் முட்டை மரம் என்பது, உள்ளிருப்பதை வெளியேற்றி வண்ணமேற்றிய முட்டைக் கூடுகளை மரத்திலோ சாடியில் நிறுத்திய கிளைகளிலோ தொங்கவிடும் ஜெர்மானிய வழக்கம். தோட்டத்து மரத்தில் கட்டினால் அது ஓஸ்டர்பாவும். வீட்டுக்குள் சாடியில் வைத்தால் ஓஸ்டர்ஸ்ட்ராவுஸ். சமையலறையில் மிஞ்சும் முட்டை ஓடு, வெங்காயச் சருகு, மெழுகுத் துண்டு, நூல் ஆகியவற்றைக் கொண்டே இதை முழுமையாகச் செய்துவிடலாம். கடையில் வாங்கும் அலங்காரங்களிலிருந்து இதை உயர்த்திக் காட்டுவதும் அதுவே.

முட்டை ஈஸ்டரோடு சேர்ந்ததற்கு நோன்பு ஒரு முக்கியக் காரணம். இடைக்கால ஐரோப்பாவில் தவக்காலத்தின் 40 நாட்களும் இறைச்சியோடு முட்டையும் விலக்கப்பட்டிருந்தது. பகல் நீளும் அந்தப் பருவத்தில்தான் கோழிகள் மிகுதியாக இடும். அதனால் நோன்பு முடிகையில் வீடுகளில் முட்டைகள் குவிந்திருந்தன. இங்கிலாந்து அரசர் முதலாம் எட்வர்டின் 1290ஆம் ஆண்டு அரண்மனைக் கணக்கில், வண்ணமேற்றவும் பொன்தகடு ஒட்டவும் 450 முட்டைகள் 18 பென்சுக்கு வாங்கிய செலவு பதிவாகியுள்ளது. மூடிய ஓட்டை உடைத்து வெளிவரும் குஞ்சை, கல்லறையிலிருந்து உயிர்த்தெழுந்த கிறிஸ்துவின் அடையாளமாகக் கிறிஸ்தவர்கள் கண்டனர்.

கிளைகளைத் தேர்ந்தெடுப்பதில் நாள்கணக்கு முக்கியம். இலை துளிர்க்குமுன் மஞ்சளாகப் பூக்கும் ஃபோர்சைத்தியாவே பலருக்கும் பிடித்தது. செர்ரி, வில்லோ, பிர்ச் கிளைகளும் பயன்படும். மேற்கத்தியத் திருச்சபைகளில் ஈஸ்டர் மார்ச் 22க்கும் ஏப்ரல் 25க்கும் இடையே எந்த ஞாயிறிலும் வரக்கூடும். முந்தி வரும் ஆண்டுகளில் வெளியே மொட்டுகள் உறங்கிக்கொண்டிருக்கும். அப்போது இரண்டு வாரங்களுக்கு முன்பே கிளைகளை வெட்டி, வெதுவெதுப்பான அறையில் நீரில் நிறுத்தினால் பண்டிகைக்குள் பூத்துவிடும்.

முட்டையைக் கழுவி இரு முனைகளிலும் ஊசியால் துளையிட வேண்டும். ஒரு துளையைச் சற்றுப் பெரிதாக்கி, நீண்ட ஊசியை உள்ளே விட்டு மஞ்சள் கருவைக் கலைத்த பின், மறுமுனையில் ஊதினால் எல்லாம் கிண்ணத்தில் வழிந்துவிடும். பச்சை முட்டையில் சால்மோனெல்லா கிருமி இருக்கக்கூடும் என்பதால் உதட்டை வைத்து ஊதாமல் சிறு பம்பு கொண்டு காற்றைச் செலுத்துவதே நல்லது. கூட்டை வினிகர் கலந்த நீரால் அலசி நன்கு உலர்த்தாவிட்டால் நாற்றமடிக்கும். வடித்த கரு அன்றைய ஆம்லெட்டுக்கோ கேக்குக்கோ போகும்.

சாயங்களில் வெங்காயச் சருகுக்கு இணையில்லை. ஒரு பெரிய கைப்பிடிச் சருகை அரைமணி நேரம் கொதிக்கவைத்து வடிகட்டி, ஒரு மேசைக்கரண்டி வினிகர் சேர்த்தால், ஊறும் நேரத்துக்கேற்ப இளமஞ்சளிலிருந்து ஆழ்ந்த செம்பழுப்பு வரை நிறம் ஏறும். ஊதா முட்டைக்கோஸ் வெள்ளை ஓட்டுக்கு நீலம் தரும், மஞ்சள்தூள் பளிச்சென்ற மஞ்சள் தரும். வெற்றுக்கூடு மிதக்கும் என்பதால் கரண்டியால் அமிழ்த்திப் பிடிக்க வேண்டும். சாயத்தில் இடுமுன் ஓட்டின்மேல் ஒரு சிறு இலையை ஒட்டி, பழைய நைலான் காலுறைத் துண்டால் இறுகக் கட்டினால், இலை மறைத்த இடம் மட்டும் வெளிறி நரம்புகளோடு அச்சாகப் பதியும். குழந்தைகளோடு செய்ய இதைவிட எளிய முறை வேறில்லை.

இக்கலையின் உச்சத்தைக் காண ஜெர்மனியின் கிழக்கு ஓரத்தில் லவுசிட்ஸ் பகுதியில் வாழும் சோர்பியர் என்ற சிறுபான்மை ஸ்லாவ் மக்களிடம் செல்ல வேண்டும். வாத்து இறகின் நுனியை முக்கோணமாகவோ சாய்சதுரமாகவோ கத்தரித்து, உருக்கிய தேன்மெழுகில் தோய்த்து ஓட்டில் ஒற்றி எடுப்பார்கள். புள்ளி வைக்கக் குண்டூசித் தலை போதும். மெழுகு படிந்த இடத்தில் சாயம் ஏறாது. ஆகவே வெள்ளை ஓட்டில் முதல் ஒற்றல், மஞ்சளில் ஊறவைத்து அடுத்த ஒற்றல், பிறகு சிவப்பு, முடிவில் கருநிறம் என்று வெளிர்நிறத்திலிருந்து அடர்நிறத்துக்குச் செல்கிறார்கள். இறுதியில் மெழுகுத்திரிச் சுடரின் அருகே காட்டித் துணியால் துடைத்தால் எல்லா நிறங்களும் ஒருசேர வெளிப்படும். முக்கோண வரிசை தீமையிலிருந்து காக்கும் ஓநாய்ப் பல். தேன்கூட்டுக் கோலம் உழைப்பின் அடையாளம். இத்தகைய முட்டைகளை ஞானப்பெற்றோர் குழந்தைகளுக்குப் பரிசளிப்பது அவர்களின் மரபு.

தொங்கவிட, பாதித் தீக்குச்சியின் நடுவில் நூலைக் கட்டி, குச்சியை நிமிர்த்தித் துளைக்குள் நுழைத்து நூலை மெல்ல இழுத்தால் போதும். உள்ளே குச்சி குறுக்காகத் திரும்பி மாட்டிக்கொள்ளும்.

துரிங்கியா மாநிலத்தின் சால்ஃபெல்ட் நகரில் ஒரு குடும்பம் 1965இல் தன் தோட்டத்து ஆப்பிள் மரத்தில் 18 முட்டைகளோடு தொடங்கிய வழக்கம் பின்னாளில் 10,000 முட்டைகளாக வளர்ந்து பார்வையாளர்களை ஈர்த்தது. பவேரியாவின் ஃபிராங்கோனிய மலைப்பகுதியில் ஊர்க் கிணறுகளுக்கே முட்டை மாலை சூட்டுகிறார்கள். சுண்ணாம்புப் பாறை மழைநீரை உறிஞ்சிவிடும் அந்த மேட்டுநிலத்தில் தண்ணீர் அரிது என்பதால் கிணற்றுக்கு அத்தனை மதிப்பு. அங்குள்ள பீபர்பாக் கிராமத்துக் கிணறு 11,108 முட்டைகளோடு 2001இல் கின்னஸ் புத்தகத்தில் இடம்பெற்றது.

வீட்டுச் சாடிக்கு ஒரு டஜன் முட்டைகள் தாராளம். பண்டிகை முடிந்ததும் நூலோடு கழற்றி, முட்டை அட்டையிலேயே பஞ்சு வைத்து ஈரமில்லாத இடத்தில் வைத்தால் பல ஆண்டுகள் கெடாது. இயற்கைச் சாயம் வெயிலில் வெளுக்கும் என்பதால் சன்னலருகே வைக்காமலிருப்பது நல்லது.