ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தில் உள்ள உப்புகள்: அயனிப் பிணைப்பு முதல் நீரிழப்புச் சிகிச்சை வரை

வயிற்றுப்போக்கின்போது உடலிலிருந்து வெளியேறுவது நீர் மட்டுமன்று. சோடியம், பொட்டாசியம், குளோரைடு, பைகார்பனேட் ஆகிய அயனிகளும் அதனுடன் வெளியேறுகின்றன. இவ்விழப்பை உடனே ஈடுசெய்யாவிடில், குறிப்பாகக் குழந்தைகளுக்கும் முதியோருக்கும், உயிருக்கே ஆபத்து நேரலாம். ஓ.ஆர்.எஸ். கரைசலைக் குறிப்பிட்ட அளவு நீரில்தான் கலக்க வேண்டும் என்று வலியுறுத்தப்படுவதன் காரணத்தை இப்பக்கம் விளக்குகிறது.

அயனிப் பிணைப்பு என்றால் என்ன?

சோடியம் ஓர் உலோகம். அதன் அணுவில் 11 எலக்ட்ரான்கள் 2, 8, 1 என்ற வரிசையில் அமைந்துள்ளன. குளோரின் ஓர் அலோகம். அதன் 17 எலக்ட்ரான்கள் 2, 8, 7 என அமைந்துள்ளன. வெளிக்கூட்டில் 8 எலக்ட்ரான்கள் இருக்கும் அமைப்பு நிலையானது. எனவே, சோடியம் தன் வெளிக்கூட்டிலுள்ள ஓர் எலக்ட்ரானை இழந்து நேர்மின் அயனியாகிறது. குளோரின் அதனை ஏற்று எதிர்மின் அயனியான குளோரைடாகிறது. எதிரெதிர் மின்சுமை கொண்ட இவ்வயனிகளுக்கு இடையேயான ஈர்ப்பே அயனிப் பிணைப்பு ஆகும்.

தனித்த நிலையில் சோடியம், நீர் பட்டவுடன் தீவிரமாக வினைபுரியும் உலோகம். குளோரின் ஒரு நச்சு வாயு. ஆயினும், இவை அயனிகளாக இணையும்போது நாம் அன்றாடம் உண்ணும் சமையல் உப்பு கிடைக்கிறது. பொட்டாசியம் குளோரைடும் இதே முறையில் உருவாகும் உப்பாகும்.

நீரில் கரையும்போது என்ன நிகழ்கிறது?

நீர் மூலக்கூறுகள் உப்புப் படிகத்தின் அயனிகளைச் சூழ்ந்து தனித்தனியே பிரிக்கின்றன. இவ்வாறு பிரிந்த அயனிகளையே உடல் பயன்படுத்துகிறது. குளுக்கோஸில் அயனிப் பிணைப்பு இல்லை. அது முழு மூலக்கூறாகவே கரைகிறது.

சிறுகுடலின் உட்சுவர் சோடியத்தையும் குளுக்கோஸையும் சேர்த்து உறிஞ்சுகிறது. நீர் அவற்றைப் பின்தொடர்ந்து செல்கிறது. பெரும்பாலான வயிற்றுப்போக்கு நோய்களிலும் இவ்வழி தொடர்ந்து செயல்படுவதே ஓ.ஆர்.எஸ். சிகிச்சையின் அடிப்படை.

அளவு ஏன் முக்கியம்?

உலகச் சுகாதார நிறுவனத்தின் தற்போதைய கலவையில், 1 லிட்டர் கரைசலுக்கு உரிய அளவுகள்:

• சோடியம் குளோரைடு – 2.6 கிராம்
• பொட்டாசியம் குளோரைடு – 1.5 கிராம்
• டிரைசோடியம் சிட்ரேட் – 2.9 கிராம்
• குளுக்கோஸ் – 13.5 கிராம்

நீரைக் குறைத்துக் கலந்தால் கரைசலின் செறிவு மிகும். அது குடலுக்குள் நீரை ஈர்த்து வயிற்றுப்போக்கை அதிகரிக்கக்கூடும். இரத்தத்தில் சோடியம் உயர்ந்து வலிப்பு ஏற்படவும் வாய்ப்புண்டு. நீர் மிகுந்தால் இழந்த உப்புகள் போதிய அளவு ஈடாகா.

தயாரிக்கும் முறை

• கைகளைச் சோப்பிட்டுக் கழுவவும்.
• பொட்டலத்தில் குறிப்பிட்டுள்ள அளவு நீரை அளந்து எடுக்கவும். 1 லிட்டருக்கும் 200 மில்லிலிட்டருக்கும் தனித்தனிப் பொட்டலங்கள் உள்ளன.
• கொதிக்கவைத்து ஆறிய குடிநீரில் பொட்டலம் முழுவதையும் கொட்டிக் கலக்கவும். தூளைப் பிரித்துச் சிறிது சிறிதாகப் பயன்படுத்தினால் உப்புகளின் விகிதம் மாறிவிடும்.
• சர்க்கரை, உப்பு, பால், பழச்சாறு எதையும் சேர்க்க வேண்டாம்.
• 24 மணி நேரத்திற்குப் பின் எஞ்சியதைக் கொட்டிவிடவும்.

ஒவ்வொரு முறை வயிற்றுப்போக்கு ஏற்பட்ட பின்னரும் 2 வயதுக்குட்பட்ட குழந்தைக்கு 50 முதல் 100 மில்லிலிட்டரும், 2 முதல் 10 வயது வரை 100 முதல் 200 மில்லிலிட்டரும் கொடுக்கவும். வாந்தி எடுத்தால் 10 நிமிடம் பொறுத்து, சிறுகச் சிறுகக் கொடுக்கவும். தாய்ப்பாலை நிறுத்த வேண்டாம். குழந்தைக்கு மருத்துவர் பரிந்துரைத்த துத்தநாக மாத்திரையை, வயிற்றுப்போக்கு நின்ற பின்னரும், கூறிய நாள்கள் முழுவதும் தவறாமல் கொடுக்கவும்.

உடனடியாக மருத்துவமனைக்குச் செல்ல வேண்டிய அறிகுறிகள்

• மயக்கம், மிகுந்த சோர்வு அல்லது வலிப்பு
• குடிக்க இயலாமை, தொடர் வாந்தி
• குழிவிழுந்த கண்கள், சிறுநீர் வெகுவாகக் குறைதல்
• மலத்தில் இரத்தம்

இவற்றுள் ஒன்று காணப்பட்டாலும் காத்திருக்காமல் 108 அவசர ஊர்தியை அழைக்கவும். சிறுநீரக நோய் அல்லது இதய நோய் உள்ளவர்கள் மருத்துவரின் ஆலோசனைப்படி ஓ.ஆர்.எஸ். அருந்தவும்.