குணத்தை அளக்க முனைந்தோர்

ஒரு பணிக்கு ஆளைத் தேர்ந்தெடுப்போர் பலவற்றை எளிதில் அளந்தறியலாம். தட்டெழுத்தாளரின் விரைவைக் கடிகாரங்கொண்டு கணக்கிடலாம். கணக்கரின் எண்ணறிவைத் தேர்வு வைத்துக் காணலாம். ஆனால் அவர் நாள்தோறும் குறித்த நேரத்தில் வருவாரா, சினந்து பேசுவோரிடம் பொறுமை காட்டுவாரா, மேற்பார்ப்போர் இல்லாதபோதும் வேலையைச் செவ்வனே முடிப்பாரா என்பனவற்றை எந்த அளவுகோலால் அளப்பது? இவ்வினாவுக்கு விடை தேடிய வரலாறு, ஏறத்தாழ நூறாண்டு வரலாறாகும். மாணவ நேயர்களே, நாளை நீங்களும் வேலை நாடிச் சென்று இத்தகைய வினாத்தாள் ஒன்றின்முன் அமரக்கூடும். ஆதலின் இவ்வரலாறு உங்களுக்கும் உரியது.

உளநூலைத் தொழிலுலகத்திற்குக் கொண்டுவந்தோருள் முதன்மையானவர் ஹியூகோ மூன்ஸ்டர்பெர்க் என்பார். ஜெர்மனியில் கல்வி கற்று, அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக விளங்கியவர் இவர். டிராம் வண்டிகளால் நேரும் விபத்துக்களைக் குறைக்க வேண்டி, ஓட்டுநர்களை அவர் ஆராய்ந்தார். தெருவில் செல்லும் மனிதர், குதிரை, மோட்டார் ஆகியவற்றைக் குறிக்கும் எண்கள் பொறித்த அட்டைகளைக் காட்டி, எது தண்டவாளத்தின் குறுக்கே வரும் என்பதை ஓட்டுநர் எவ்வளவு விரைவில் கண்டுகொள்கிறார் என அளந்தார். இச்சோதனையை 1913ஆம் ஆண்டு வெளியிட்ட தம் நூலில் விளக்கியுள்ளார். எனினும் அவர் அளந்தது கவனத்தையே; குணத்தையன்று.

குணத்தை வினாக்களால் அளக்கும் முயற்சி போர்க்களத்தை ஒட்டிப் பிறந்தது. முதல் உலகப் போரில், குண்டு முழக்கத்தினிடையே உள்ளம் நிலைகுலைந்த வீரர் மிகப் பலர். 1917ஆம் ஆண்டு அமெரிக்கா போரில் இறங்கியதும், அத்தகைய தளர்ச்சிக்கு ஆளாகக்கூடியோரை முன்னரே கண்டறிய ராபர்ட் உட்வொர்த் என்னும் பேராசிரியர் ஒரு வினாத்தாளை வகுத்தார். உறக்கம், அச்சம், உடல்நலம் முதலியன பற்றி ஆம் அல்லது இல்லை என விடையிறுக்கத்தக்க நூற்றுக்கு மேற்பட்ட வினாக்கள் அதில் இருந்தன. அது பெருமளவில் பயன்படுமுன் 1918இல் போர் முடிந்தது. ஆயினும் அதனைப் பின்பற்றி எழுந்த வினாத்தாள்கள் பல. அவை அலுவலகங்களுக்குள்ளும் புகுந்தன. போர்வீரனின் மனத்தளர்ச்சியை அறிய எழுந்த முறை, எழுத்தரையும் விற்பனையாளரையும் எடைபோடத் தலைப்பட்டது.

குணம் என்பது எத்தனை கூறுகளாலாயது? 1936இல் கார்டன் ஆல்போர்ட், ஹென்றி ஆட்பெர்ட் என்னும் இருவர், பெரிய ஆங்கில அகராதி ஒன்றைத் துருவி, மனிதரை வேறுபடுத்திக் காட்டும் 17,953 சொற்களைத் திரட்டினர். இக்கடலைப் பின்வந்தோர் கணித முறையால் சுருக்கினர். 1961இல் அமெரிக்க விமானப்படையைச் சார்ந்த ட்யூப்ஸ், கிறிஸ்டல் என்போர், ஐந்து பெருங்கூறுகளே மீண்டும் மீண்டும் தோன்றுவதாக அறிவித்தனர். பிறரோடு கலந்து பழகும் பாங்கு, இணக்கம், பொறுப்புணர்வு, உணர்ச்சி நிலைப்பாடு, பரந்த நாட்டம் என அவற்றை நாம் கூறலாம்.

இதனிடையே எச்சரிக்கைக் குரல்களும் எழுந்தன. பெர்ட்ராம் ஃபோரர் என்னும் உளநூலார் தம் மாணவர் 39 பேருக்கு ஒரு சோதனை வைத்து, ஒவ்வொருவருக்கும் தனித்தனியே குணவிளக்கம் வழங்கினார். அது தமக்கு எவ்வளவு பொருந்துகிறதென ஐந்துக்கு மதிப்பெண் இடுமாறு கேட்டார். சராசரி நான்கினும் மிகுந்தது. பின்னரே உண்மை வெளிப்பட்டது: அனைவர் கையிலும் இருந்தது ஒரே விளக்கம், அதுவும் பெரும்பாலும் கடையில் விற்ற சோதிட நூலினின்று எடுத்த வாசகங்கள்! 1949இல் இதனை அவர் வெளியிட்டார். ‘எனக்கே எழுதியதுபோல் இருக்கிறது’ என்னும் மகிழ்ச்சி, சோதனையின் மெய்ம்மைக்குச் சான்றாகாது என்பதை இதனால் அறிகிறோம்.

1956இல் வில்லியம் வைட் என்னும் எழுத்தாளர், பெருநிறுவன ஊழியரைப் பற்றிய தம் நூலின் பிற்சேர்க்கையில், இத்தகைய சோதனைகளை ஏமாற்றித் தேறும் வழியையே எழுதினார். நிறுவனம் விரும்பும் விடையை ஊகித்தறிந்து எழுதுவோன் தேர்வு பெறுவான். உள்ளதை உள்ளவாறு எழுதுவோன் தள்ளப்படலாம். நேர்மையைத் தேட எழுந்த தாள், நேர்மைக்கே தண்டனை அளிக்குமாயின் அதனால் விளையும் பயன் என்ன? 1965இல் கயான், காட்டியர் என்னும் இருவர் அதுவரை வெளிவந்த ஆராய்ச்சிகளைத் தொகுத்து நோக்கி, ஆளுமைச் சோதனைகளைப் பணித்தேர்வுக்குப் பொதுவாகப் பரிந்துரைக்கச் சான்று போதாது என முடிவு கூறினர்.

அவ்வாறாயின் உழைப்பெல்லாம் வீணோ எனில், அன்று. 1991இல் பாரிக், மவுண்ட் என்போர், 117 ஆராய்ச்சிகளைத் திரட்டி, மேற்சொன்ன ஐந்து கூறுகளையும் ஐவகைத் தொழிலாளரோடு ஒப்பிட்டனர். வல்லுநர், காவலர், மேலாளர், விற்பனையாளர், கைத்தொழிலாளர் ஆகிய எல்லாரிடத்தும் பணித்திறனோடு தொடர்புற்று நின்றது பொறுப்புணர்வு ஒன்றே. கலகலப்பாகப் பழகும் இயல்பு, மேலாளருக்கும் விற்பனையாளருக்கும் துணைபுரிந்தது. பிறருக்கு அத்துணைப் பயன்படவில்லை. எனவே, நாணமுடைய இளைஞன் எப்பணிக்கும் தகுதியற்றவன் என எண்ணுவதற்கு இடமில்லை.

இங்கு அளவையும் கருதுதல் வேண்டும். முழுப் பொருத்தத்தை ஒன்று எனவும், பொருத்தமின்மையைச் சுழி எனவும் கொண்டால், பொறுப்புணர்வுக்கும் பணித்திறனுக்கும் அவர்கள் கண்ட தொடர்பு ஏறத்தாழ 0.2 ஆகும். ஆயிரம் பேரைத் தேர்ந்தெடுக்கும் நிறுவனத்திற்கு இஃது ஓரளவு உதவும். ஆனால் எதிரே அமர்ந்திருக்கும் ஒருவர் நாளை எவ்வாறு உழைப்பார் என்பதை இதுகொண்டு உறுதியாகக் கூறவியலாது. பயிற்சி, ஊதியம், மேலாளரின் நடத்தை, உடன் உழைப்போரின் அன்பு ஆகியனவும் அவர் உழைப்பை உருவாக்குவன அன்றோ?

இளைஞர்களே, அத்தகைய வினாத்தாள் உங்களிடம் வருமாயின் அஞ்சாது உண்மையை எழுதுங்கள். அதன் முடிவை உங்கள் வாழ்வின் தீர்ப்பாகக் கொள்ளாதீர்கள். காலம் மாறி, பிறரைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு உங்கள் கைக்கு வரும்போது, ஒரு தாளை மட்டும் நம்பி ஒருவருடைய பிழைப்பை மறுத்துவிடாதீர்கள். அவரோடு பேசுங்கள், அவர் செய்த வேலையைப் பாருங்கள், செய்து காட்ட வாய்ப்பும் கொடுங்கள்.