தோ-ராதியா: ரேடியம் கலந்த முகப்பூச்சு

பிரெஞ்சு வகுப்பில் படித்த என் வயதுக்காரர்களுக்கு க்யூரி என்ற பெயர் சாமி படத்துக்கு அடுத்தபடி. போலந்திலிருந்து பாரீசுக்குப் படிக்க வந்து, 1898-இல் கணவர் பியேருடன் சேர்ந்து ரேடியத்தைக் கண்டுபிடித்து, 1903-லும் 1911-லும் நோபல் பரிசு வாங்கிய மரி க்யூரியைப் பற்றி எத்தனை முறை ‘திக்தே’ எழுதியிருப்போம்! (சொல்வதெழுதுதலை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்.) அந்தக் குடும்பப் பெயரைக் காட்டி ஒரு காலத்தில் முகப்பூச்சு விற்றார்கள் என்பதைப் பள்ளிக்கூடத்தில் யாரும் சொல்லித்தரவில்லை. ஓய்வு பெற்ற பிறகு படித்துத்தான் தெரிந்துகொண்டேன். இப்போது அதை எழுத ஒரு காரணம் இருக்கிறது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

1932-இல் அலெக்சி முசாலி என்ற மருந்தாளர் பாரீசில் ‘தோ-ராதியா’ என்று ஒரு வணிகப் பெயரைப் பதிவு செய்தார். தோரியத்தில் பாதி, ரேடியத்தில் பாதி சேர்த்துக் கட்டிய பெயர். அடுத்த ஆண்டு கிரீம் கடைக்கு வந்தது. பின்னாலேயே பவுடர், சோப்பு, பற்பசை, உதட்டுச் சாயம் எல்லாம் வந்தன. டாக்டர் ஆல்ஃபிரே க்யூரி என்பவரின் செய்முறைப்படி தயாரித்தது என்று விளம்பரத்தில் போட்டார்கள். அப்படி ஒரு டாக்டர் இருந்தது உண்மை. ஆனால் அவருக்கும் மரி க்யூரி குடும்பத்துக்கும் எந்த உறவும் கிடையாது. விளம்பரப் படத்தில் பொன்னிறக் கூந்தல் பெண்ணொருத்தியின் முகம், கீழிருந்து வெளிச்சம் விழுந்து பளபளக்கும். பார்ப்பவருக்கு அந்த வெளிச்சமே ரேடியம் என்று தோன்றும்.

சுருக்கம் போகும், தளர்ந்த தோல் இறுகும், ரத்த ஓட்டம் கூடும் என்றெல்லாம் உறுதி சொன்னார்கள். நூறு கிராம் கிரீமில் அரை கிராம் தோரியம் குளோரைடும், கால் மில்லிகிராம் ரேடியம் புரோமைடும் இருப்பதாகக் கணக்கும் கொடுத்தார்கள்.

நான் வேலை பார்த்த காலமெல்லாம் கோப்பு பார்த்தே கழித்தவன். ஒரு விண்ணப்பம் மேசைக்கு வந்தால் முதலில் இணைப்புகளைத்தான் புரட்டுவோம். தோ-ராதியா கடைக்கு வந்த 1933-ஆம் ஆண்டில் ரேடியத்தைப் பற்றிய கோப்பில் என்னென்ன இணைப்புகள் இருந்தன என்று பாருங்கள்.

1901-இல் பெக்கெரல் என்ற அறிவியலாளர் ரேடியம் அடங்கிய சிறு குழாயைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனார். அந்த இடத்தில் தோல் வெந்து புண்ணானது. பியேர் க்யூரி வேண்டுமென்றே தன் கையில் அதைக் கட்டிக்கொண்டு சோதித்துப் பார்த்தார். அவருக்கும் புண் வந்து, ஆறப் பல வாரம் ஆயிற்று. தோலை அழிக்கிற இந்தச் சக்தியைக் கொண்டுதான் மருத்துவர்கள் தோல் புற்றுநோய்க் கட்டிகளைக் கரைத்தார்கள். அது உண்மையான வைத்தியம். அடுத்து, அமெரிக்காவில் இருட்டில் ஒளிரும் கடிகார முள்ளுக்கு ரேடியம் வண்ணம் பூசிய பெண்கள். தூரிகையை உதட்டில் வைத்துக் கூராக்கியதால் தாடை எலும்பு அரித்துச் செத்தார்கள். அவர்கள் தொடுத்த வழக்கு 1928-இல் சமரசத்தில் முடிந்து, பத்திரிகைகளில் பெரிதாக வந்தது. ‘ரேடிதோர்’ என்ற ரேடியத் தண்ணீரை டானிக்காகக் குடித்துவந்த எபன் பையர்ஸ் என்ற பணக்காரர் 1932 மார்ச்சில் இறந்தார். இத்தனையும் கோப்பில் இருக்க, கிரீம் கடையில் விற்றது.

அடுத்த ஆண்டு, 1934 ஜூலையில், மரி க்யூரியே ரத்தம் ஊறாமல் போகும் நோயில் காலமானார்.

அப்படியானால் வாங்கிப் பூசிய பெண்மணிகள் ஏமாளிகளா? நான் அப்படி நினைக்கவில்லை. அவர்கள் கண்ணாடியில் பார்த்தது பொய்யல்ல. வறண்ட தோலில் எண்ணெயும் நீரும் கலந்த எந்தக் கிரீமைப் பூசினாலும், தோல் ஈரத்தைப் பிடித்துக்கொண்டு சற்றே உப்பும். மெல்லிய கோடுகள் மறையும். முகம் மினுங்கும். அந்த வேலையைச் செய்தது கிரீமிலிருந்த சாதாரணக் கொழுப்பு. பெயர் வாங்கியது ரேடியம். ஒரு கன்னத்தில் ரேடியக் கிரீமும் மறு கன்னத்தில் ரேடியம் இல்லாத அதே கிரீமும் பூசிப் பார்த்திருந்தால் குட்டு உடைந்திருக்கும். விற்பவர் எதற்கு அந்தச் சோதனையைச் செய்யப் போகிறார்?

1937-இல் பிரெஞ்சு அரசு இவற்றை நச்சுப் பொருள் பட்டியலில் சேர்த்துவிட்டது. தோ-ராதியாவும் ரேடியத்தையும் தோரியத்தையும் சத்தமில்லாமல் நீக்கிவிட்டது. பெயரை மட்டும் மாற்றவில்லை. அதே பெயரில் பல ஆண்டுகள் விற்பனை நடந்தது. சரக்கு போனாலும் பெயருக்கு விலை இருந்தது.

இனி, இதை எழுதிய காரணம். போன மாதம் என் பேத்தி ஒரு சிறு கண்ணாடிப் புட்டியைக் கொண்டுவந்து, “தாத்தா, இதுல நியாசினமைடு அஞ்சு பர்சென்ட்னு போட்டிருக்கு. நெசமாவே நெறம் குடுக்குமா?” என்று கேட்டாள். எங்கள் குடும்பத்தில் மாநிறத்துக்குக் கொஞ்சம் கீழேதான் எல்லோரும். கல்யாணப் பேச்சு நடக்கிற நேரம். அவள் கேட்ட கேள்விக்குள் இன்னொரு கேள்வி இருந்தது எனக்குப் புரிந்தது. ஒரு வாரம் அவகாசம் கேட்டுப் படித்தேன்.

நியாசினமைடு என்பது ஒரு பி வைட்டமின். 1975-இல் நம் நாட்டில் விற்பனைக்கு வந்த ‘ஃபேர் அண்ட் லவ்லி’ இதை வைத்துத்தான் பிழைத்தது. 2002-இல் வெளியான ஓர் ஆய்வில், ஜப்பானியப் பெண்களின் முகத்தில் ஒரு பக்கம் நியாசினமைடு கலந்த கிரீமும் மறுபக்கம் அது இல்லாத கிரீமும் பூசி ஒப்பிட்டார்கள். தோ-ராதியாவுக்குச் செய்யாத அதே சோதனைதான். நாலு வாரத்தில் கரும்படைகள் ஓரளவு மங்கின. ஆகவே சரக்கில் கொஞ்சம் விஷயம் உண்டு. ஆனால் கரும்படை மங்குவது வேறு, பிறவி நிறம் மாறுவது வேறு. நிறம் ஏறினால் வேலை கிடைக்கும், நல்ல வரன் அமையும் என்று விளம்பரம் காட்டியதை எந்த வைட்டமினும் செய்யாது. மாதர் அமைப்பு எதிர்ப்புத் தெரிவித்ததால் 2003-இல் சில விளம்பரங்களை நிறுத்தினார்கள். 2020-இல் பெயரிலிருந்த ‘ஃபேர்’ போய் ‘க்ளோ’ வந்தது.

இதோடு நின்றிருந்தால் நான் நிம்மதியாக இருந்திருப்பேன். படிக்கப் படிக்க இன்னொன்று கிடைத்தது. கேரளத்தில் கோட்டக்கலில் சிறுநீரக மருத்துவர்கள், 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை சிறுநீரில் புரதம் ஒழுகும் ஒருவகை நோயோடு வந்த 22 பேரைப் பரிசோதித்தார்கள். 15 பேரிடம் அபூர்வமான ஒரே அடையாளம் தெரிந்தது. அந்த 15 பேரில் 13 பேர் சிவப்பழகுக் கிரீம் பூசியவர்கள். கிரீம்களைச் சோதித்தால் பாதரசம்! பூச்சை நிறுத்தியதும் பெரும்பாலோர் தேறியது நல்ல செய்தி.

இங்கே கவனிக்க வேண்டியது, பாதரசம் சொன்னதைச் செய்கிறது என்பதுதான். தோலில் நிறமி ஊறுவதை அது உண்மையாகவே தடுக்கும். இரண்டே வாரத்தில் முகம் வெளுக்கும். பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கும் சிபாரிசு போகும். கன்னத்துக்குக் கன்னம் ஒப்பிட்டாலும் பாதரசமே ஜெயிக்கும். தோ-ராதியா உள்ளே இருப்பதைச் சொன்னது, சொன்ன பலனைத் தரவில்லை. பாதரசக் கிரீம் சொன்ன பலனைத் தருகிறது, உள்ளே இருப்பதைச் சொல்வதில்லை. ஆகவே பலன் தெரிகிறதா என்ற ஒரு கேள்வி போதாது. உள்ளே என்ன, அது உடம்பில் வேறு எங்கே போகிறது என்பதையும் கேட்க வேண்டும்.

அதற்கு நமக்குச் சட்டம் கைகொடுக்கிறது. 1940-ஆம் ஆண்டு மருந்துச் சட்டத்துக்குள் அழகுப் பொருள்களையும் கொண்டுவந்தது 1962-இல். நம் புதுவை சட்டப்படி இந்தியாவோடு இணைந்த அதே ஆண்டு. தயாரித்தவர் பெயர், முகவரி, உரிம எண், தொகுதி எண், காலாவதித் தேதி, சேர்மானங்கள் இவையெல்லாம் உறையில் இருந்தாக வேண்டும். இவை இல்லாமல், வெளிநாட்டுச் சரக்கு என்று சொல்லி விற்கிற டப்பாவை, எவ்வளவு வேகமாக வெளுத்தாலும், தொடாமலிருப்பது நல்லது. வேகமாக வெளுத்தால் இன்னும் சந்தேகப்பட வேண்டும்.

பேத்தியிடம் புட்டியின் உறையை வாங்கி, பூதக்கண்ணாடி வைத்து ஒவ்வொரு வரியாகச் சேர்ந்து படித்தோம். எல்லா விவரமும் இருந்தது. “பூசிக்கோம்மா, கன்னத்துல இருக்கற அந்தக் கரும்புள்ளி கொஞ்சம் மங்கும். நெறம் அப்படியேதான் இருக்கும். அது உன் கொள்ளுப்பாட்டி குடுத்த நெறம், அதுக்கு ஒரு கொறையும் இல்ல” என்றேன். சிரித்துக்கொண்டே புட்டியை எடுத்துப் போனாள்.

வாசக அன்பர்களே, நம் வீட்டு அலமாரிகளிலும் இப்படி டப்பாக்கள் இருக்கும். கண்ணாடி போட்டுக்கொண்டு ஒருமுறை உறையைப் படித்துப் பாருங்கள். பேரப்பிள்ளைகளையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள். பொடி எழுத்து அவர்களுக்குத்தான் நன்றாகத் தெரியும்.