பழைய டிரக்கில் புது மாடல் வீல் மாட்டலாமா? டயர் பிரஷர் சென்சார் வேலை செய்யுமா? முழு விவரம்!

அமெரிக்காவில் 'டிரக்' என்று சொன்னால் பெரும்பாலும் நம்ம ஊர் லாரி கிடையாது. பின்பக்கம் திறந்த தொட்டியோடு வரும் பிக்-அப் வண்டியைத்தான் அங்கே அப்படிச் சொல்கிறார்கள். ஃபோர்டு எஃப்-150, செவர்லே சில்வராடோ, ராம் 1500, டொயோட்டா டகோமா எல்லாம் இந்த ரகம். நன்றாகப் பராமரித்தால் 15, 20 வருடம் ஓடும்.

வண்டி பழசானாலும் பார்க்கப் புதுசா இருக்கணும் என்று நினைப்பவர்கள் முதலில் கை வைப்பது வீலில்தான். புது டிரக் வாங்கும் சிலர், கம்பெனி கொடுத்த வீலைக் கழற்றி விற்றுவிட்டு வேறு டிசைன் மாட்டிக்கொள்வார்கள். அப்படி வரும் வீல்கள், டயரும் உள்ளே பிரஷர் சென்சாரும் சேர்ந்து ஒரே செட்டாக, புது விலையைவிடக் குறைவாகக் கிடைக்கும்.

அதே கம்பெனி, அதே மாடல் பெயர், புது வருடத்து வீல். அப்புறம் என்ன, மாட்டிவிட வேண்டியதுதானே? அங்கேதான் சிக்கல். கையால் வைத்துப் பார்க்கும்போது பொருந்துகிற வீல், ஹைவேயில் பொருந்தும் என்று சொல்ல முடியாது. தவறான நட் போட்டால் வீலே கழன்று ஓடலாம். சென்சார் வண்டியோடு பேசவில்லை என்றால், காத்து இறங்கியதே தெரியாமல் டயர் வெடிக்கலாம். எதையெல்லாம் பார்த்து மாட்ட வேண்டும்? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

முதலில் பார்க்க வேண்டிய 4 அளவுகள்

1. ஓட்டைகளின் எண்ணிக்கையும் வட்டமும்

வீலில் எத்தனை போல்ட் ஓட்டை, அந்த ஓட்டைகள் எந்த விட்டமுள்ள வட்டத்தில் இருக்கின்றன என்பதுதான் முதல் கணக்கு. மெக்கானிக்குகள் இதை பி.சி.டி என்பார்கள். '6×135' என்றால் 6 ஓட்டை, 135 மி.மீ. விட்டமுள்ள வட்டம்.

மாடல் பெயர் ஒன்றாக இருப்பதால் இந்த அளவும் ஒன்றாக இருக்கும் என்று நம்பிவிடக் கூடாது. ராம் 1500 டிரக் 2018 மாடல் வரை 5 ஓட்டை. 2019-ல் வந்த புதிய வடிவத்தில் 6 ஓட்டை. டொயோட்டா டன்ட்ரா 2007 முதல் 2021 வரை 5×150. 2022-ல் இருந்து 6×139.7. எஃப்-150-லும் 1997 முதல் 2003 வரை 5×135 தான், 2004-ல் இருந்துதான் 6×135. (2004-ல் பழைய வடிவமும் 'ஹெரிட்டேஜ்' என்ற பெயரில் விற்கப்பட்டது, அது 5 ஓட்டைதான்.)

2. நடு ஓட்டை

வீலின் நடுவில் இருக்கும் பெரிய ஓட்டைக்குள் வண்டியின் ஹப் நுழைய வேண்டும். ஓட்டை சின்னதாக இருந்தால் வீல் உட்காரவே உட்காராது. டகோமா இதற்கு நல்ல உதாரணம். பழைய 6 ஓட்டை டகோமாவும் 2024 டகோமாவும் 6×139.7 தான். ஆனா பழைய வண்டியின் ஹப் சுமார் 106 மி.மீ., புது வீலின் நடு ஓட்டை சுமார் 95 மி.மீ. போல்ட் ஓட்டை அத்தனையும் சரியாக இருந்தும் புது வீல் பழைய வண்டியில் ஏறாது.

ஓட்டை பெரிதாக இருந்தால் வீல் ஏறும், ஆனால் சரியாக நடுவில் உட்காராமல் ஓடும்போது அதிர்வு வரலாம். அந்த இடைவெளியை அடைக்க வளையங்கள் தனியாகக் கிடைக்கின்றன.

3. போல்ட்டின் மரை

இதைத்தான் பலரும் கவனிப்பதில்லை. இதைப் பற்றிக் கீழே விரிவாகப் பார்ப்போம்.

4. ஆஃப்செட்

வீலின் அகலத்தில் சரிபாதிக் கோட்டுக்கும், ஹப்பில் உட்காரும் முகத்துக்கும் உள்ள தூரம்தான் ஆஃப்செட். இது குறைந்தால் வீல் வெளியே தள்ளி நிற்கும். அதிகமானால் உள்ளே போகும். ரொம்ப உள்ளே போனால் சஸ்பென்ஷனில் உரசும். ரொம்ப வெளியே வந்தால் ஸ்டியரிங் திருப்பும்போது டயர் மட்கார்டில் உரசும், வீல் பேரிங்குக்கும் சுமை கூடும்.

எஃப்-150: கண்ணை ஏமாற்றும் பொருத்தம்

இப்போது மரைக்கு வருவோம். 2004 முதல் 2014 வரை வந்த 6 ஓட்டை எஃப்-150-யும், 2015-க்குப் பிறகு வந்த எஃப்-150-யும் 6×135 தான். நடு ஓட்டையும் ஒன்றுதான், சுமார் 87 மி.மீ. அதனால் 2015-க்குப் பிந்தைய வீல், 2010 மாடல் டிரக்கில் அழகாக ஏறி உட்காரும்.

ஆனா ஒரு விஷயம் மாறியிருக்கிறது. பழைய வண்டியின் போல்ட் 14 மி.மீ. தடிமன், ஒரு மரைக்கும் அடுத்த மரைக்கும் இடைவெளி 2.0 மி.மீ. புது வண்டியிலும் அதே 14 மி.மீ. தடிமன்தான்; மரை இடைவெளி மட்டும் 1.5 மி.மீ.

வீலோடு சேர்த்து 'நட்டும் தர்றேன்' என்று ஒருவர் கொடுத்தால், அந்த நட் பழைய போல்ட்டில் ஒன்றிரண்டு சுற்று ஏறிவிட்டு இறுகி நிற்கும். கையால் போட்டால் அங்கேயே தெரிந்துவிடும். நேராக ஏர் கன் வைத்து அடித்தால்? மரையை அறுத்துக்கொண்டு உள்ளே போகும். வெளியிலிருந்து பார்த்தால் இறுகியது போலவே இருக்கும். உண்மையில் நட் பிடிமானம் இல்லாமல் நிற்கும். பாரம் ஏற்றி ஓட்டும்போது நட் தளரும், போல்ட் உடையும், வீல் கழன்றுபோகும் ஆபத்தும் உண்டு.

இதற்கு மெக்கானிக்குகள் மனதில் வைத்துக்கொள்ளும் கணக்கு ஒன்று இருக்கிறது. நட்டின் மரை வண்டியைப் பார்த்து இருக்க வேண்டும். நட்டின் அடிப்பாகம் வீலைப் பார்த்து இருக்க வேண்டும். நட் வீலில் உட்காரும் இடம் கூம்பாக இருக்கலாம், உருண்டையாக இருக்கலாம், வாஷர் வைத்த தட்டையாகவும் இருக்கலாம். டொயோட்டாவின் அலாய் வீல்கள் பலவற்றில் தட்டை வகைதான். கூம்பு வீலில் தட்டை நட் போட்டால் பிடிமானம் கிடைக்காது.

எஃப்-150-ல் இரண்டு தலைமுறை வீல்களுமே கூம்பு வகை. அதனால் 2009-2014 வண்டிக்குப் புது வீல் மாட்டுபவர்கள் தங்கள் பழைய வண்டியின் நட்டையே போட்டால் போதும். இந்த வண்டிகளுக்கு ஃபோர்டு சொல்லும் இறுக்க அளவு 204 நியூட்டன் மீட்டர். அதை டார்க் ரென்ச் வைத்துத்தான் இறுக்க வேண்டும். 160 கி.மீ. ஓடுவதற்குள் மறுபடி ஒருமுறை இறுக்கிப் பார்க்க வேண்டும்.

டயர் சைஸ் மாறினால்?

18 இன்ச் வீலில் இருந்து 20 இன்ச்சுக்குப் போகும்போது டயரின் மொத்த உயரம் மாறாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் ஸ்பீடோமீட்டர் தப்பாகக் காட்டும். 275/65ஆர்18 டயரின் உயரம் சுமார் 815 மி.மீ., 275/55ஆர்20 டயரின் உயரம் சுமார் 811 மி.மீ. இந்த ஜோடியில் பெரிய வித்தியாசம் இல்லை.

உயரம் சரியாக இருந்தால் மட்டும் போதாது, தாங்கும் எடையையும் பார்க்க வேண்டும். டயரின் பக்கவாட்டில் '116' என்று இருந்தால் அது 1,250 கிலோ தாங்கும். '113' என்றால் 1,150 கிலோதான். நான்கு டயருக்கும் சேர்த்தால் 400 கிலோ வித்தியாசம். பாரம் ஏற்றும் டிரக்குக்கு இது பெரிய விஷயம்.

சென்சார் எதற்கு வந்தது?

2000-ம் ஆண்டில் ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் வண்டிகளில் ஃபயர்ஸ்டோன் டயர்கள் பிய்ந்து, வண்டிகள் உருண்டு விபத்துக்குள்ளான விவகாரம் அமெரிக்காவை உலுக்கியது. இந்த டயர்களோடு தொடர்புடைய விபத்துகளில் 270-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்ததாக அரசு கணக்கிட்டது. லட்சக்கணக்கான டயர்கள் திரும்பப் பெறப்பட்டன. அதே ஆண்டு வந்த சட்டத்தின் விளைவுதான் டயர் பிரஷர் எச்சரிக்கை விளக்கு.

2007 செப்டம்பர் முதல் தயாரான எல்லா இலகுரக வண்டிகளிலும் இது கட்டாயம். சொல்லப்பட்ட அளவைவிட 25 சதவீதம் காத்து குறைந்தால் விளக்கு எரிய வேண்டும். 35 பி.எஸ்.ஐ. இருக்க வேண்டிய டயர் சுமார் 26-க்கு இறங்கினால்தான் விளக்கு வரும் என்று அர்த்தம்.

புது வீலில் உள்ள சென்சார் பழைய வண்டியில் வேலை செய்யுமா?

வீலுக்குள் இருக்கும் சென்சார் ஒரு குட்டி ரேடியோ. பிரஷரையும், தனக்கான அடையாள எண்ணையும் சேர்த்து அனுப்பிக்கொண்டே இருக்கும். வண்டி அதைக் கேட்க மூன்று விஷயங்கள் ஒத்துப்போக வேண்டும்.

அலைவரிசை: பெரும்பாலும் 315 அல்லது 433 மெகாஹெர்ட்ஸ். வண்டி 315-ல் கேட்டுக்கொண்டிருக்க, சென்சார் 433-ல் பேசினால் எந்தக் கருவியை வைத்து என்ன செய்தாலும் பலன் இல்லை. சென்சாரை மாற்றுவதுதான் ஒரே வழி.

மொழி: அலைவரிசை ஒன்றாக இருந்தாலும், தகவலை அனுப்பும் முறை மாடலுக்கு மாடல் மாறலாம். அதனால் பார்ட் நம்பரை வைத்துப் பார்ப்பதே பாதுகாப்பு.

அடையாள எண்: புது சென்சாரின் எண்ணை வண்டியில் பதிய வேண்டும். ஃபோர்டு, ஜி.எம். டிரக்குகள் பலவற்றில் வண்டியைப் 'பதிவு' நிலைக்குக் கொண்டுபோய், முன் இடது வீலில் தொடங்கி ஒவ்வொன்றாகச் சின்னக் கருவியால் தட்டி எழுப்பினால், ஹாரன் அடித்து 'பதிவாகிவிட்டது' என்று சொல்லும். ராம் வண்டிகள் பலவற்றில் கொஞ்ச நேரம் ஓட்டினாலே தானாகக் கற்றுக்கொள்ளும். டொயோட்டாவின் பழைய மாடல்களில் வண்டியின் கம்ப்யூட்டரோடு கருவியை இணைத்துத்தான் எண்ணை எழுத முடியும்.

இன்னொரு வழியும் உண்டு. பழைய சென்சாரின் எண்ணை அப்படியே புது சென்சாரில் நகல் எடுக்கலாம். வண்டிக்கு வீல் மாறியதே தெரியாது. இதற்கென்றே எழுதக்கூடிய சென்சார்கள் டயர் கடைகளில் கிடைக்கின்றன.

சென்சாருக்குள் இருக்கும் பேட்டரி பொதுவாக 5 முதல் 10 வருடம் வரும். அது தீர்ந்தால் சென்சாரையே மாற்ற வேண்டும். டயரைக் கழற்றினால்தான் அதைத் தொடவே முடியும் என்பதால், பழைய சென்சாரைப் புது வீலுக்கு மாற்றி மிச்சம் பிடிப்பது பெரும்பாலும் லாபம் இல்லை.

சென்சாரே இல்லாத பழைய டிரக் என்றால்?

வண்டியில் கேட்கும் கருவியே இல்லை என்றால், வீலுக்குள் எந்த சென்சார் இருந்தும் பயன் இல்லை. தனி டிஸ்பிளேயோடு வரும் செட் வாங்கி மாட்டலாம். வால்வின் மூடிக்குப் பதிலாகத் திருகும் சென்சார்கள் சுலபம். ஆனா ரப்பர் வால்வில் அந்த எடை ஆடிக்கொண்டே இருந்தால் வால்வு விரிசல் விடலாம். உலோக வால்வு போட்டுக்கொள்வது நல்லது.

விளக்கு என்ன சொல்கிறது?

வண்டியை ஸ்டார்ட் செய்ததும் விளக்கு எரிந்து அப்படியே நின்றால், காத்து குறைவு. 60 முதல் 90 விநாடி வரை சிமிட்டிவிட்டுப் பிறகு நிலையாக எரிந்தால், சென்சாரில் கோளாறு. புது வீல் மாட்டியதும் பலருக்கு வருவது இந்த இரண்டாவது வகைதான். 'சென்சார் பிரச்னைதானே' என்று அதை அப்படியே விட்டுவிட்டால், நாளைக்கு நிஜமாகவே காத்து இறங்கும்போது வண்டியால் எச்சரிக்க முடியாது.

அமெரிக்கச் சட்டப்படி, வேலை செய்யும் இந்த எச்சரிக்கை அமைப்பைத் தெரிந்தே செயலிழக்கச் செய்ய டயர் கடைகளுக்கும் மெக்கானிக் ஷாப்புகளுக்கும் அனுமதி இல்லை. சென்சார் இல்லாத வீலை மாட்டித்தர சில கடைகள் மறுப்பதற்கு இதுதான் காரணம்.

இந்தியாவில் என்ன நிலை?

இந்தியாவில் 2020-ல் மோட்டார் வாகன விதிகளில் ஒரு திருத்தம் வந்தது. அதன்படி 3.5 டன் வரையுள்ள வண்டிகளில் டியூப்லெஸ் டயர், பஞ்சர் கிட், டயர் பிரஷர் கண்காணிப்பு மூன்றும் இருந்தால் ஸ்டெப்னி கட்டாயம் இல்லை. அப்படி ஸ்டெப்னி இல்லாமல் வந்த வண்டியில் வீல் மாற்றும்போது சென்சாரை விட்டுவிட்டால், இரண்டு பாதுகாப்பும் இல்லாமல் ஓட்டுகிறோம் என்று அர்த்தம்.

மாட்டுவதற்கு முன் செக் லிஸ்ட்

• பி.சி.டி, நடு ஓட்டை, ஆஃப்செட் மூன்றையும் உங்கள் வண்டியின் அளவோடு ஒப்பிடுங்கள். மாடல் பெயரை மட்டும் நம்ப வேண்டாம்.

• நட்டை முதலில் கையால் போடுங்கள். கடைசி வரை தடையில்லாமல் ஏறவில்லை என்றால் அங்கேயே நிறுத்துங்கள்.

• டயரின் எடை தாங்கும் எண், கம்பெனி டயரைவிடக் குறையக் கூடாது.

• காசு கொடுப்பதற்கு முன் சென்சாரின் பார்ட் நம்பர், அலைவரிசை, தயாரான வருடம் கேளுங்கள்.

• டயர் சைஸ் மாறவில்லை என்றால், டிரைவர் கதவோரம் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் உள்ள பிரஷர்தான் கணக்கு. சைஸ் மாறினால் டயர் கடையில் சுமை அட்டவணையைப் பார்த்து பிரஷர் வையுங்கள். எச்சரிக்கை விளக்கு பழைய அளவை வைத்தே எரியும் என்பதால், மாதம் ஒருமுறை கேஜ் வைத்து செக் பண்ணுங்கள்.

• மாட்டிய பிறகு 160 கி.மீ.க்குள் எல்லா நட்டையும் டார்க் ரென்ச் வைத்து மறுபடி பாருங்கள்.