பழுது யாருடையது?

தொலைக்காட்சிக்குக் கீழே இருக்கும் டிகோடர் இணையத்தோடு சேரவில்லை என்றால் அதை இயந்திரக் கோளாறாகவே எடுத்துக்கொள்கிறோம். வயரைப் பிடுங்கிச் செருகுகிறோம், பெட்டியை அணைத்துப் போடுகிறோம், கடைசியில் சேவை எண்ணை அழைத்துக் காத்திருக்கிறோம். இந்தச் சிறு தொல்லைக்குப் பின்னால் ஏறத்தாழ 90 ஆண்டு வரலாறு இருக்கிறது. அதைப் பார்ப்பதற்குக் கெப்பாலா பத்தாஸ் பொருத்தமான இடம். மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில், செபராங் பிறையின் வடக்கில், மூடா ஆற்றுக்குத் தெற்கே, நெல் வயல்களுக்கும் பழைய தோட்டங்களுக்கும் இடையே வளர்ந்த ஊர் அது. ஜார்ஜ்டவுனிலும் கோலாலம்பூரிலும் முதலில் வேரூன்றிய தகவல் சாதனங்கள் அங்கிருந்துதான் இத்தகைய ஊர்களுக்குப் பரவின. பெட்டிக்குள் நுட்பம் கூடியதால் பழுது பார்ப்பது கடினமாகிவிட்டது என்று பொதுவாகச் சொல்வார்கள். எனக்கு அது முழுக் காரணமாகத் தெரியவில்லை. முன்பு ஒரு தெருவே சேர்ந்து செய்த வேலை தனி வீட்டின் தலையில் விழுந்ததுதான் பெரிய மாற்றம்.

பினாங்கில் ஒலிபரப்பு 1934-இலேயே தொடங்கிவிட்டது. பினாங்கு வானொலிச் சங்கம் இசட்எச்ஜே என்ற அழைப்புக் குறியோடு ஆங்கிலம், மலாய், சீனம், தமிழ் ஆகிய மொழிகளில் நிகழ்ச்சிகளை அனுப்பியது. வானொலிப் பெட்டி அப்போது வசதி உள்ளவர்களின் பொருள். மின்சாரம் இல்லாத தோட்டத்து லயங்களுக்கு அது எட்டாத ஒன்று. 1948-இல் அவசர காலம் அறிவிக்கப்பட்ட பிறகே இந்த நிலை மாறத் தொடங்கியது. கம்யூனிஸ்டுப் பிரசாரத்துக்குப் பதில் சொல்ல விரும்பிய அரசு, கிராமங்களுக்கும் தோட்டங்களுக்கும் பேட்டரியில் ஓடும் பொது வானொலிப் பெட்டிகளைக் கொடுத்தது. அரசின் நோக்கம் அரசியல்தான். ஆனாலும் ஒரே பெட்டியின் முன்னால் பலர் கூடிக் கேட்டதால், அது ஊமையானால் அந்த நிமிடமே எல்லாருக்கும் தெரிந்தது. பேட்டரி தீர்ந்ததா, கம்பி அறுந்ததா என்று பார்ப்பதும் பொது வேலையானது. அதே காலத்தில், 1949-இல் கோலாலம்பூரில் தொடங்கிப் பின்னர் பினாங்குக்கும் வந்த ரீடிஃப்யூஷன் வேறொரு முறையைக் காட்டியது. நிலையத்திலிருந்து வீட்டு ஒலிபெருக்கி வரை ஒரே கம்பி. அந்தக் கம்பி முழுவதும் ஒரே நிறுவனத்துடையது. சத்தம் நின்றால் யாரைக் கேட்பது என்று யோசிக்க வேண்டியதே இல்லை.

1963 டிசம்பர் 28 அன்று கோலாலம்பூரில் தொடங்கிய தொலைக்காட்சி, பின்வந்த ஆண்டுகளில் வடக்கே பரவியது. கெடாவின் குனோங் ஜெராய் 1,200 மீட்டருக்கு மேல் உயர்ந்து நிற்கும் மலை. அதன் மேலிருந்த ஒளிபரப்புக் கோபுரம் சுற்றியுள்ள சமவெளிகளுக்குப் படத்தை அனுப்பியது. கூரையில் ஏரியல் வைப்பவர் மலை இருக்கும் திசையை அறிந்து திருப்பினால் போதும். படம் இரட்டையாகத் தெரிந்தால் அலை எங்கோ மோதித் திரும்பி வருகிறது. புள்ளி புள்ளியாக இரைந்தால் சமிக்ஞை பலவீனம். படம் ஓடிக்கொண்டே இருந்தால் பெட்டியில் கோளாறு. நோயின் குறி திரையிலேயே தெரிந்தது. அதைவிடப் பெரிய சோதனைக் கருவி பக்கத்து வீடு. அங்கே படம் தெளிவாக இருந்தால் பழுது நம் ஏரியலிலோ பெட்டியிலோ. அங்கேயும் இல்லையென்றால் கோபுரத்தில் கோளாறு, காத்திருக்க வேண்டியதுதான். எல்லா வீட்டுக்கும் ஒரே அலை வந்ததால், வேலியோரம் நின்று கேட்ட ஒரு கேள்வி பழுதின் இடத்தைப் பாதியாகக் குறுக்கிவிட்டது.

தமிழ் வீடுகளுக்கு 1996 ஒரு திருப்பம். அந்த ஆண்டு ஜனவரியில் மீசாட்-1 செயற்கைக்கோள் ஏவப்பட்டது. அதன் வழியே ஆஸ்ட்ரோ என்ற கட்டணத் தொலைக்காட்சிச் சேவை வந்தது. அதுவரை தனியார் வீடுகளில் செயற்கைக்கோள் தட்டு வைக்கத் தடை இருந்தது. அரசுத் தொலைக்காட்சி தந்த தமிழ்ச் செய்தியையும் வாரத்தில் சில மணி நேர நிகழ்ச்சிகளையும் மட்டுமே நம்பியிருந்த குடும்பங்களுக்கு, வானவில் என்ற முழுத் தமிழ் அலைவரிசை கிடைத்தது. மொழி டிகோடருக்குள் குடியேறியதும் டிகோடர் பழுது வெறும் பொழுதுபோக்கு இழப்பாக இல்லாமல் போயிற்று. பாட்டியின் நாடகமும் வீட்டுக்குள் புழங்கிய மொழியும் சேர்ந்தே நின்றன. இந்தச் செயற்கைக்கோள் முறைக்கு வெப்பமண்டலத்தில் ஒரு பிறவிக் குறை உண்டு. மீசாட் பயன்படுத்திய குறுகிய அலைகளை அடைமழையின் பெரிய துளிகள் உறிஞ்சிவிடும். கருமேகம் கூடியதும் படம் கட்டம் கட்டமாக உடைந்து மறையும். அப்போதும் பக்கத்து வீட்டுச் சோதனை செல்லுபடியானது. மழையில் எல்லார் வீட்டிலும் போனால் வானம். வெயிலில் நம் வீட்டில் மட்டும் போனால் தட்டு நகர்ந்திருக்கிறது அல்லது வயரில் தண்ணீர் புகுந்திருக்கிறது.

இணையம் வந்ததும் அந்தச் சோதனை உடைந்தது. கெப்பாலா பத்தாஸ் தொகுதியை 1978 முதல் 2013 வரை நாடாளுமன்றத்தில் பிரதிநிதித்த அப்துல்லா அகமட் படாவி பிரதமராக இருந்தபோது, 2008-இல், அதிவேக அகலக்கற்றைத் திட்டத்துக்கு அரசும் டெலிகாம் மலேசியாவும் ஒப்பந்தம் செய்தன. 1,130 கோடி ரிங்கிட் திட்டத்தில் 240 கோடி அரசின் பங்கு. 2010 மார்ச்சில் யூனிஃபை என்ற இணையச் சேவை பிறந்தது, அதோடு ஹிப் டிவி என்ற தொலைக்காட்சிச் சேவையும். அதன் தொடக்க கால அமைப்பு என் வாதத்துக்கு வலுவான சான்று. ஒரே கண்ணாடி இழைக்குள் இணையத்துக்கு 500 என்றும் தொலைக்காட்சிக்கு 600 என்றும் எண்ணிட்ட தனித்தனித் தடங்கள் ஓடின. வீட்டு ரவுட்டரின் நான்காம் துளை தொலைக்காட்சிக்கென்றே ஒதுக்கப்பட்டிருந்தது. வீட்டைக் கூட்டும்போது வயரைக் கழற்றி அடுத்த துளையில் செருகிவிட்டால் போதும்: கணினியில் இணையம் ஓடும், டிகோடர் இணைப்பில்லை என்று நிற்கும். எதுவும் பழுதாகவில்லை, ஆனால் படமும் இல்லை. பக்கத்து வீட்டைப் பார்த்தாலும் இதைக் கண்டுபிடிக்க முடியாது. அங்கே வேறு நிறுவனம், வேறு ரவுட்டர், வேறு பெட்டி இருக்கலாம்.

பின்னால் வந்த பெட்டிகள் வைஃபை வழியே பொது இணையத்தையே பயன்படுத்தத் தொடங்கியதும் நான்காம் துளைச் சிக்கல் தீர்ந்தது. சங்கிலி மட்டும் நீண்டது. இழை வெட்டுப்பட்டால் மோடத்தில் சிவப்பு விளக்கு எரியும், அது வெளிப்பழுது. விளக்குகள் சரியாக இருந்து, அதே வைஃபையில் கைப்பேசியும் ஓடாவிட்டால் ரவுட்டரையோ கணக்கையோ சந்தேகிக்க வேண்டும். கைப்பேசி ஓடி டிகோடர் மட்டும் நின்றால், சுவருக்கு அப்பால் எட்டாத ஐந்து கிகாஹெர்ட்ஸ் அலையில் அது தொங்கிக்கொண்டிருக்கலாம், பழைய கடவுச்சொல்லை வைத்திருக்கலாம், ரவுட்டரிடமிருந்து முகவரி கிடைக்காமல் 169.254 என்று தொடங்கும் எண்ணைத் தானே சூட்டிக்கொண்டிருக்கலாம். மின்தடைக்குப் பிறகு அதன் கடிகாரம் பின்தங்கிப் போயிருந்தால், சேவையகத்தின் பாதுகாப்புச் சான்றிதழை ஏற்க மறுத்துவிடும். ஒரு லான் வயரை நேரே செருகிப் பார்த்தால் வைஃபை குற்றவாளியா இல்லையா என்பது தெளிவாகும். இவையெல்லாம் செய்யக்கூடிய சோதனைகள்தான். ஆனால் இத்தனை காரணங்களுக்கும் திரை ஒரே வாசகத்தையே பெரும்பாலும் காட்டுகிறது. பழைய ஏரியல் படம் நோயின் குறியைக் காட்டியது. புதிய திரை நோய் இருக்கிறது என்பதோடு நிறுத்திக்கொள்கிறது.

பழைய காலத்தை நான் அழகாக்கிக் காட்டுகிறேன் என்று ஒருவர் மறுக்கலாம். கூரையேறி வழுக்கி விழும் ஆபத்து, ஏரியல் வழியே இறங்கும் இடி, மழை வந்தாலே போகும் படம் ஆகியவற்றை விரும்பித் திரும்ப அழைப்பவர் யாரும் இல்லை. கண்ணாடி இழை மின்னலைக் கடத்துவதில்லை. செம்புக் கம்பிக் காலத்தில் இடியில் எரிந்த மோடங்களை நினைத்தால் அது பெரிய நன்மை. தமிழுக்கும் இணையம் தாராளமாகக் கொடுத்திருக்கிறது. தோட்டத்திலிருந்து தாமான் குடியிருப்புக்குக் குடிபெயர்ந்த குடும்பம் இன்று சென்னையின் புதுப் படத்தையும் கோலாலம்பூரின் நாடகத்தையும் நினைத்த நேரத்தில் பார்க்கிறது. இதில் எனக்கு மறுப்பில்லை. படத்தின் தரம் உயர்ந்தது என்பதால், பழுதைத் தேடும் சுமையைப் பயனீட்டாளர் சுமக்க வேண்டும் என்று ஆகாது என்பதே என் பதில். பேரப்பிள்ளைகள் பார்த்துக்கொள்வார்கள் என்ற இன்னொரு பதிலும் உண்டு. வேலைக்காகப் பிள்ளைகள் வெளியூர் போய்விட்ட வீடுகளில் அது எடுபடாது. வாட்ஸ்அப் குழுவில் விசாரிப்பது பழைய வேலியோரக் கேள்வியின் மிச்சம். தெருவுக்கே இணையம் போனதா என்பதை அது சொல்லும், ஒரு வீட்டின் டிகோடர் ஏன் முகவரி பெறவில்லை என்பதைச் சொல்லாது.

2019 அக்டோபர் 31 அன்று நாடு முழுவதும் அனலாக் ஒளிபரப்பு நின்றது. மைஃப்ரீவியூ என்ற இலவச இலக்கமுறைச் சேவை அதன் இடத்துக்கு வந்தது. குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு டிகோடர் இலவசமாகக் கிடைத்தது. அந்த ஒளிபரப்பைப் பார்க்க இணையம் வேண்டியதில்லை. ஒரே அலை எல்லார் கூரைக்கும் வருகிறது. பக்கத்து வீட்டுச் சோதனை அங்கே மறுபடி வேலை செய்கிறது. ஆனால் தமிழ் நிகழ்ச்சிகளின் பெரும்பகுதி அதில் இல்லை, கட்டணப் பெட்டிகளில் இருக்கிறது. அதனால்தான் அந்தப் பெட்டிகளைச் செய்வோரிடம் ஒன்றைக் கேட்கிறேன். இழையா, ரவுட்டரா, வைஃபையா, கடிகாரமா, சேவையகமா என்பதைச் சோதித்து அறியும் திறன் பெட்டிக்குள் ஏற்கெனவே இருக்கிறது. முகவரி கிடைத்ததா, சேவையகம் பதில் சொன்னதா என்பதை அறியாமல் அது இணையவே முடியாது. அறிந்ததை, தமிழ் உட்பட வீட்டார் படிக்கும் மொழியில், திரையில் சொல்லட்டும். இணைய வேகத்துக்கும் தாமதத்துக்கும் கட்டாயத் தரம் வகுத்திருக்கும் தொடர்பு பல்லூடக ஆணையம் இதையும் அந்தத் தரத்தில் சேர்க்கலாம்.