சிவப்பு எண்கள் நம்ம ஊருக்கு வந்த கதை

மலருக்குக் கட்டுரை கேட்டு வந்த தம்பி, "பழைய நினைவு ஏதாச்சும் எழுதிக் குடுங்க அண்ணா" என்றான். ஹாஸ்டல் சாம்பாரைப் பற்றி எழுத நம்மில் நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் எலக்ட்ரானிக்ஸ் லேபில் கிடந்த ஒரு சின்னப் பொருளைப் பற்றி எழுதுகிறேன். அரை இஞ்சு உயரம், பத்துக் கால், கரண்ட் கொடுத்தால் சிவப்பாக ஓர் எண். செவன் செக்மென்ட் டிஸ்ப்ளே என்று புத்தகம் சொல்லும்; நாங்கள் 'ஏழு கோடு' என்போம்.

ஏழு கோடுகளை ஏற்றி அணைத்து எல்லா எண்ணையும் காட்டலாம் என்ற யோசனை எல்.இ.டி.யை விட வயதில் மூத்தது. 1908-ல் ஃபிராங்க் வுட் என்பவர் எட்டுக் கோடு வைத்து ஒரு பேட்டன்ட் கேட்டார். நாலு எழுத மட்டும் ஒரு சாய்வுக்கோடு. 1910-லேயே ஒரு மின் நிலையத்தின் பாய்லர் அறையில் குண்டு பல்புகளால் ஆன ஏழு கோட்டுப் பலகை இருந்திருக்கிறது. சாயப்பட்டறை பாய்லரைப் பார்த்து வளர்ந்த நமக்கு அது பொருத்தமாகத்தான் படுகிறது. 1950-களில் பரோஸ் கம்பெனியின் நிக்ஸி குழாய்கள் வந்தன. கண்ணாடிக்குள் பத்து எண்களும் கம்பியில் வளைத்து ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும். பார்க்க அழகு; ஆனால் 170 வோல்ட் வேண்டும். கை பட்டால் அழகு தெரியாது.

1962-ல் அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக்கில் நிக் ஹோலோன்யாக் கண்ணுக்குத் தெரியும் சிவப்பு எல்.இ.டி.யைச் செய்து காட்டினார். 1968-ல் மான்சான்டோ அதைப் பெரிய அளவில் தயாரிக்க ஆரம்பித்தது. அந்தப் படிகம் விலை அதிகம். அதனால் எண்களைக் கடுகு அளவுக்குச் செய்து, மேலே ஒரு பிளாஸ்டிக் லென்ஸை வைத்துப் பெரிதாக்கிக் காட்டினார்கள். 1972-ல் 395 டாலருக்கு வந்த எச்.பி. 35 கால்குலேட்டரில் இருந்தது அந்த ஜாதிதான். பிறகு ஒரு கோட்டுக்கு ஒரே ஒரு சின்னப் படிகத்தை வைத்து, அதன் ஒளியைப் பிளாஸ்டிக் பள்ளத்தில் பரப்பிக் கோடாகக் காட்டும் வித்தை வந்தது. மாணவன் காசுக்கு எட்டும்படி அரை இஞ்சு எண்கள் கிடைத்தது இந்த வித்தையால்தான்.

வேடிக்கை என்னவென்றால், நாங்கள் அதைக் கையில் எடுத்தபோது மேல்நாட்டில் கால்குலேட்டரும் கைக்கடிகாரமும் அதைக் கைவிட்டிருந்தன. பேட்டரியைக் குடித்துவிடும் என்று 1970-களின் கடைசியிலேயே எல்.சி.டி.க்கு மாறிவிட்டார்கள். மெஷினுக்கு அந்தக் கவலை இல்லை, மூன்று ஃபேஸ் கரண்ட் பக்கத்திலேயே ஓடுகிறது. வெளிச்சம் குறைந்த கூடத்தில் பத்தடி தூரத்திலிருந்து பார்த்தாலும் எண் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

எங்களுக்கு வழிகாட்டி 1969-ல் டெல்லியில் தொடங்கிய 'எலக்ட்ரானிக்ஸ் ஃபார் யூ' பத்திரிகை. சுற்றுப்படம் அதில் கிடைக்கும். தமிழில் விஞ்ஞானம் படிக்கக் கோவை 'கலைக்கதிர்'. சாமான் வாங்கவும் கோவைக்குத்தான் பஸ் ஏற வேண்டும். முதல் தடவை போய் எஃப்.என்.டி. 500 நாலு வாங்கி வந்தேன். எங்கள் கையில் இருந்த 7447 சில்லுக்கு வேண்டியது 507. ஐந்நூறு காமன் கேத்தோடு, ஐந்நூற்றேழு காமன் ஆனோடு. வெளியே பார்த்தால் இரண்டும் இரட்டைப் பிள்ளைகள். சாயங்காலம் முழுக்க ஒரு கோடுகூட எரியவில்லை. கடைக்காரர் மேல் தப்பில்லை, நான் கேட்டது தப்பு. மறுபடி பஸ்.

இறுதியாண்டு பிராஜெக்ட் 1988-ல். திருப்பூரில் ஒரு நிட்டிங் பட்டறை, பெயர் வேண்டாம். ஷிப்டு சம்பளத்தோடு, ஓட்டிய துணிக்கு மேற்கொண்டு காசு கொடுத்து வந்தார்கள். மெஷின் எத்தனை சுற்று சுற்றியது என்பதுதான் கணக்கு. மெஷினில் பல்சக்கர மீட்டர் இருந்தது. ஆனால் எண்ணெயும் பஞ்சும் அப்பி, ராத்திரியில் டார்ச் அடித்தால்தான் தெரியும். ஷிப்டு மாறும்போது தினமும் தகராறு. "நான் விட்டப்ப எட்டாயிரத்து அறுநூறுங்க", "இல்லீங்க, ஆறாயிரத்து எண்ணூறு." பஞ்சப்படி கேட்டு 1984-ல் 127 நாள் வேலைநிறுத்தம் நடந்த ஊர் இது. அது முடிந்து நாலு வருஷம்தான் ஆகியிருந்தது. எட்டா ஆறா என்பது அங்கே சின்ன விஷயம் இல்லை.

முதலாளி எங்களைக் கூப்பிட்டு, "ஏனுங்க தம்பி, ரெண்டு பேரும் ஒண்ணா நின்னு பாக்கற மாதிரி ஒரு மீட்டர் பண்ணித் தர முடியுங்களா?" என்றார். சுற்றும் பாகத்தில் ஒரு காந்தம், எதிரே ஒரு ரீட் ஸ்விட்ச். காந்தம் கடக்கும்போதெல்லாம் ஸ்விட்ச் மூடும், 7490 எண்ணும், 7447 அதைக் கோடுகளாக மாற்றும், எஃப்.என்.டி. 507 நாலு காட்டும். லேப் மேஜையில் பிரமாதமாக ஓடியது.

பட்டறையில் முதல் நாளே மானம் போனது. நிமிடத்துக்கு 22 சுற்று ஓடும் மெஷின், எங்கள் மீட்டரில் அறுபதுக்கு மேல் காட்டியது. தொடும் உலோகம் ஒரே தடவையில் தொடாது. சில மில்லி செகண்ட் துள்ளித் துள்ளித்தான் அடங்கும். மனிதக் கண்ணுக்குத் தெரியாத அந்தத் துள்ளலை 7490 ஒழுங்காக எண்ணிவிட்டது. முன்னால் ஒரு 555 டைமரைப் போட்டு, முதல் தொடுதலுக்குப் பின் சற்று நேரம் காதைப் பொத்திக்கொள்ளச் செய்ததும் சரியானது.

அடுத்தது, கூட்டிப் பார்க்காத முட்டாள்தனம். 12 மணி நேர ஷிப்டு, நிமிடத்துக்கு 22 என்றால் 15,840 சுற்று. நாலு இலக்கம் 9,999-க்கு மேல் சுழியாகிவிடும். விடியற்காலையில் ஓட்டுநர் ஒருவர் வந்து பார்த்தால் ராத்திரி உழைப்பெல்லாம் காணோம். ஐந்தாவது எண் வாங்கக் காசு இல்லை. கடைசி இலக்கத்தை எண்ணி மட்டும் வைத்துக்கொண்டு காட்டாமல் விட்டோம். பத்துச் சுற்றுக்கு ஒரு தடவை எண் மாறினால் போதும் என்று இரு தரப்பும் ஒப்புக்கொண்டது.

இதெல்லாம் சில்லறைத் தொல்லை. உண்மையான அடி கரண்ட் கட். கரண்ட் போய் வந்தால் மீட்டரில் சுழி. சில சமயம் சுழிகூட இல்லை, வாய்க்கு வந்த எண். பழைய பல்சக்கர மீட்டர் கரண்ட் போனாலும் நின்ற இடத்திலேயே நிற்கும். வயதான ஓட்டுநர் ஒருவர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "தம்பி, உங்க மீட்டரு நல்லா மின்னுதுங்க. ஆனா ஞாபகம் இல்லீங்களே." அன்றைக்கு அவருக்கு மூன்று மணி நேரக் கணக்கு போயிருந்தது. பெரியவர் பழைய மீட்டரைத் துடைத்துப் பார்த்துத்தான் கணக்குச் சொன்னார்.

பேட்டரி வைக்கலாம் என்றால், அந்த ஜாதிச் சில்லுகள் எண்களை அணைத்தாலும் முன்னூறு மில்லி ஆம்பியருக்கு மேல் குடிக்கும். பென்சில் செல் எத்தனை நேரம் தாங்கும்? ஆகவே எல்லாவற்றையும் பிரித்துப் போட்டுவிட்டு சீமாஸுக்கு மாறினோம். எண்ணுவதற்கு 4518, கோடாக்குவதற்கு 4511. இவை சும்மா இருக்கும்போது மைக்ரோ ஆம்பியர் கணக்கில்தான் எடுக்கும். மூன்று பென்சில் செல்லை ஒரு டயோடு வழியாக இணைத்தோம். 4511-ல் எண்களை இருட்டாக்க ஒரு கால் உண்டு. அதில் வோல்ட் இல்லாவிட்டால் கோடுகள் அணைந்துவிடும். அந்தக் காலை மெயின்ஸ் சப்ளையோடு கட்டினோம். கரண்ட் போனால் எண்கள் அணையும், கணக்கு உள்ளே இருக்கும். வந்தால் விட்ட இடத்திலிருந்து எரியும். முன்பு தப்பாக வாங்கிய எஃப்.என்.டி. 500 நாலும் இதற்குத்தான் பொருந்தின.

ஒன்றை மட்டும் சரிசெய்ய முடியவில்லை. 7447 ஆகட்டும், 4511 ஆகட்டும், ஆறுக்கு மேல்கோடு போடாது, ஒன்பதுக்குக் கீழ்க்கோடு போடாது. எட்டா ஆறா என்ற சண்டை அதனாலேயே ஒழிந்தது என்றும் சொல்லலாம். ஓட்டுநர்கள் அதற்கு 'மொட்டை ஆறு' என்று பெயர் வைத்தார்கள். ஷிப்டு நோட்டில்கூட யாரோ அதை அப்படியே மொட்டையாக எழுதி வைத்திருந்தார்கள்.

பின்னால் வந்த கதை உங்களுக்குத் தெரியும். மைக்ரோ கன்ட்ரோலர் வந்தது. கரண்ட் போனாலும் எண்ணை மறக்காத ஈ.ஈ.ப்ராம் நினைவகம் வந்தது; நிட்டிங் மெஷின்களிலேயே ஷிப்டுக்கு ஒன்றாகத் தனித்தனிக் கவுன்ட்டர்கள் வந்தன. 2012-ல் மணிக்கணக்கில் மின்வெட்டு இருந்த காலத்தில் எந்தப் பட்டறையிலும் சுற்றுக் கணக்குத் தொலைந்ததாக என் காதுக்கு வரவில்லை. இப்போதைய மாணவர்கள் நாலு இலக்க டி.எம். 1637 போர்டை வாங்கி, சப்ளை போக இரண்டே ஒயரில் ஆர்டுவினோவோடு சேர்க்கிறார்கள். எண்களை ஒன்றன்பின் ஒன்றாக, கண் கண்டுபிடிக்க முடியாத வேகத்தில் ஏற்றி இறக்கும் வேலையை அந்தச் சில்லே பார்த்துக்கொள்கிறது. நாங்கள் ஒயரிலேயே மூழ்கிக் கிடந்தோம். நாலு எண்ணுக்கும் தனித்தனியாக 28 ரெசிஸ்டர். மல்டிபிளெக்ஸ் முறையைப் பாடத்தில் படித்தும் பட்டறைக்குப் பயன்படுத்தத் தைரியம் வரவில்லை.

தம்பி தங்கைகளிடம் ஒன்று கேட்க ஆசை. உங்கள் போர்டை ஓடும்போதே ப்ளக்கைப் பிடுங்கி, பத்து நிமிடம் கழித்து மாட்டிப் பார்த்தீர்களா? என்ன எண் வருகிறது?

பழைய போர்டு என் அலமாரியில்தான் இருக்கிறது. பட்டறையை மூடியபோது முதலாளி வீட்டிலிருந்து திருப்பிக் கொடுத்தார்கள். சந்திப்பு நாளன்று கொண்டு வருகிறேன். யாராவது மூன்று பென்சில் செல் எடுத்து வாருங்கள்.