ஒத்தைக் கோலா, ரெட்டைக் கோலா? தூண்டில் கம்பு சொல்லும் கதை



தை பிறந்து கண்மாய்த் தண்ணி தெளிஞ்சதும் மதுரையிலிருந்து தம்பிமார்கள் பைக்கில் கிளம்பி வந்துவிடுகிறார்கள். தல்லாகுளம், நரிமேடு, கே.கே. நகர் பக்கத்துப் பிள்ளைகள். தோளில் நீளமாக ஒரு பை, அதுக்குள்ளே தூண்டில். அவர்கள் அடிக்கடி கேட்கிற கேள்வி இதுதான்: "அண்ணே, சிங்கிள் பீஸ் வாங்கலாமா, டூ பீஸ் வாங்கலாமா? எது நல்லது?"

நான் திருப்பிக் கேட்பது ஒன்றே ஒன்று. "உங்க வீட்டுக்கும் தண்ணிக்கும் எம்புட்டுத் தூரம் தம்பி?"

சிரிப்பார்கள். ஆனா நான் விளையாட்டுக்குக் கேட்கவில்லை. தூண்டில் கோலின் வரலாற்றைப் புரட்டிப் பார்த்தால், கோல் ஒத்தையாக இருந்ததுக்கும் ரெட்டையாகப் பிரிஞ்சதுக்கும் மீனைவிடத் தூரம்தான் பெரிய காரணம்.

முதல்ல நம்ம ஊர்க் கோலைப் பார்ப்போம். நேராக வளர்ந்த மெல்லிசு மூங்கில் ஒண்ணு. கணுவைச் சீவி, நிழலில் காயவைத்து, கோணல் இருந்தால் தணலில் வாட்டி நிமிர்த்திக்கொள்வார்கள். நுனியில் நரம்பைக் கட்டி, ஒரு தக்கை, கொஞ்சம் ஈயம், ஒரு முள். இரைக்கு வரப்பில் தோண்டின மண்புழு. விராலுக்கு என்றால் தவளைக் குஞ்சு. வேலை முடிஞ்சதும் கோலைத் தாழ்வாரத்து ஓட்டுக்கு அடியில் செருகி வைப்பார்கள். கண்மாய் கூப்பிடு தூரத்தில் இருப்பவனுக்குக் கோலை எதுக்கு ரெண்டாக்கணும்?

இந்தக் கோலுக்கு வயசு அதிகம். சங்க இலக்கியத்தில் பெரும்பாணாற்றுப்படையில் ஒரு பாணன் மீன் பிடிக்கிறான். பாடியவர் கடியலூர் உருத்திரங்கண்ணனார். நீளமான மூங்கில் கோல், நுனியில் கட்டிய கயிறு, வளைஞ்ச இரும்பு முள், இறைச்சித் துண்டை இரையாகப் போட்டு வைத்த தோல் பை, எல்லாம் அதில் வருகிறது. வாளை மீன் இரையைக் கவ்விக்கொண்டு முள்ளில் சிக்காமல் தப்பிவிடுகிறது. தப்பின பிறகு, கரையோரப் பிரம்பின் நிழல் தண்ணியில் ஆடுவதைப் பார்த்தாலும் அதுக்குப் பயம். அந்த நிழலையும் தூண்டில் கோல் என்றே நினைக்கிறது. கண்மாய்க் கரையில் உட்கார்ந்து பார்த்தவர்தான் இப்படி எழுத முடியும். இன்னைக்கும் நம்ம ஆளுங்க "நிழல் தண்ணியில விழாம நில்லு" என்று சின்னப் பிள்ளைகளை அதட்டுவது இதுக்காகத்தான்.

ரெட்டைக் கோல் எங்கே வந்தது? தூண்டில் போடுவதைப் பற்றி ஆங்கிலத்தில் அச்சான முதல் நூல் 1496-ல் இங்கிலாந்தில் வெளிவந்தது. அதிலேயே ரெட்டைக் கோல் செய்யும் முறை இருக்கிறது. தடியான அடிக்கம்பைப் பழுக்கக் காய்ச்சிய கம்பியால் குடைந்து உள்ளே ஓட்டை போடணும். மெல்லிய நுனிக்கோலை அந்த ஓட்டைக்குள் ஒளிச்சு வச்சுக்கலாம். பார்ப்பவனுக்கு ஊன்றுகோல் மாதிரி தெரியும், நீங்க எங்கே போறீங்கன்னு ஒருத்தனுக்கும் தெரியாது என்று அந்த நூலே சொல்கிறது. தண்ணிக்கு நடந்து போகவேண்டியவனின் கோல் அது.

அதுக்கப்புறம் கோச்சு வண்டி வந்தது, ரயில் வந்தது. பன்னிரண்டு அடி, பதினைந்து அடிக் கோலோடு வண்டியில் ஏற முடியுமா? மூன்று நான்கு துண்டாக்கி, இணைப்பில் பித்தளைப் பூண் மாட்டினார்கள். உலக்கைக்கு நாம போடுவது போலத்தான், ஆனால் ஒரு பூணுக்குள் இன்னொன்று இறுக்கமாக இறங்கி உட்காரும்.

நம்ம மாவட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். கொடைக்கானல் அப்போது மதுரை மாவட்டத்தில்தான் இருந்தது. அங்கே ஏரியை 1863-ல் உருவாக்கியவர் மதுரைக் கலெக்டர் வேரே லெவிஞ்ச். 1875-ல் மதுரைக்கு ரயில் வந்த பிறகும், அம்மையநாயக்கனூரில் இறங்கி, மாட்டுவண்டியில் பெரியகுளம் பக்கம் மலையடிவாரம் போய், அங்கிருந்து குதிரையிலோ ஆள் தூக்கும் நாற்காலியிலோதான் மேலே ஏறணும். மோட்டார் சாலை 1910-களின் நடுவில்தான் வந்தது. அந்த ஒத்தையடிப் பாதையில் முழுக்கோலை யார் தூக்கிப் போவது?

துரைமார் மலையில் மட்டும் மீன் பிடிக்கவில்லை. ஹென்றி சல்லிவன் தாமஸ் என்று மதராஸ் சிவில் சர்வீஸ் அதிகாரி ஒருவர். 1873-ல் 'தி ராட் இன் இந்தியா' என்ற புத்தகம் எழுதினார். அதோடு விடாமல் 1887-ல் 'டேங்க் ஆங்லிங் இன் இந்தியா' என்று குளம் கண்மாய்த் தூண்டிலுக்காகவே தனிப் புத்தகம் போட்டார். ஊர் ஊராக மாற்றலாகிப் போகிற அதிகாரிக்குத் துண்டுக்கோல்தான் வசதி. கரையில் குடியிருந்த நம்ம ஆளுக்கு முழுக்கோல் போதும்.

இதில் ஒரு வேடிக்கை. 19-ஆம் நூற்றாண்டில் வெளிநாட்டுக்காரர்கள் உயர்த்திப் பிடிச்ச கோல் நம்ம நாட்டு மூங்கில்தான். கல்கத்தாத் துறைமுகம் வழியாகப் போனதால் 'கல்கத்தா கேன்' என்று பெயர். நாம கல் மூங்கில் என்று சொல்கிற கெட்டி மூங்கில் வகை. 1840-களில் அமெரிக்காவில் பென்சில்வேனியா மாகாணத்து ஈஸ்டன் ஊரில் சாமுவேல் பிலிப் என்பவர் அந்த மூங்கிலைச் சன்னமாகப் பிளந்து, பட்டைகளை ஒட்டிக் கோலாக்கினார். அவர் தொழில் துப்பாக்கி செய்வதும் வயலின் செய்வதும். பிறகு தென்சீனாவின் 'டோன்கின்' மூங்கில் வந்து நம்ம மூங்கிலை ஓரங்கட்டியது. 1950-ல் சீனச் சரக்குக்கு அமெரிக்கா தடை போட்டதும் அதுவும் நின்றது. அதற்குள் கண்ணாடி இழைக் கோல், அதாவது ஃபைபர் கிளாஸ், கடைக்கு வந்திருந்தது. 1970-களில் கார்பன் கோலும் வந்தது.

ஒத்தையா ரெட்டையா என்ற சண்டை நியாயமாக முடிஞ்சது இந்தக் காலத்தில்தான். உலோகப் பூண் வளையாது. கோல் வளையும்போது பூண் இருக்கும் இடம் மட்டும் விறைப்பாக நிற்கும். கனமும் கூடும், மீன் தொடுகிற அதிர்வும் கைக்கு மங்கலாக வரும். அதனால் 'ஒத்தைக் கோல்தான் உசத்தி' என்ற பேச்சு அன்னைக்கு நூத்துக்கு நூறு உண்மை. 1960-களில் பூணை எடுத்துவிட்டு, கோலின் குழலையே ஒன்றுக்குள் ஒன்று செருகுகிற மாதிரி செய்தார்கள். இணைப்பும் கோலோடு சேர்ந்து வளைந்தது. பழைய பேச்சில் முக்கால்வாசி அன்னைக்கே அடிபட்டுப் போச்சு.

இன்னைக்கு நிலவரம் இதுதான். ஆறு, ஏழு அடிக் கோலில், ஒரே தரத்தில், ஒத்தைக்கும் ரெட்டைக்கும் வித்தியாசம் ரொம்பக் கொஞ்சம். தாமரைக் கொடிக்குள் பெரிய விராலை இழுத்து மல்லுக்கட்டுபவர், வீட்டுக்கும் கண்மாய்க்கும் நடந்தே போகிறவர், ஒத்தை வாங்கலாம். பஸ், பைக், ரயிலில் வருபவர் ரெட்டை வாங்குங்கள். ஒத்தைக் கோல் உடைவது மீனால் குறைவு. கதவிடுக்கிலும் பைக்கிலும்தான் அதிகம். ரெட்டையில் இணைப்பை மட்டும் கவனிச்சுக்கணும். மணல் ஒட்டாமல் துடைங்க, கொஞ்சம் மெழுகுவத்தி தேய்ங்க, வளையங்கள் நேர்கோட்டில் இருக்கிறதா பாருங்க, பத்து இருபது வீச்சுக்கு ஒருமுறை இறுக்கிவிடுங்க. இணைப்பு தளர்ந்த நிலையில் வீசினால் அந்த இடத்தில்தான் விரிசல் விடும். கார்பன் கோலில் கரண்டு பாயும். கண்மாய்க் கரையில் மின்கம்பி போகிற இடத்தில் கோலைத் தூக்கவே தூக்காதீங்க.

இப்ப என் கேள்விக்கு வருகிறேன். வைகைக்கு வடகரையில் ஊர்ப் பெயர்களை வரிசையாகச் சொல்லிப் பாருங்கள். தல்லாகுளம், பீபிகுளம், சொக்கிகுளம், கோசாகுளம். கொஞ்சம் கிழக்கே போனால் உலகனேரி. பெயரெல்லாம் தண்ணி. இன்று தல்லாகுளத்தில் மாநகராட்சி அலுவலகம் இருக்கிறது, தமுக்கம் மைதானம் இருக்கிறது, சித்திரையில் அழகரை எதிர்கொண்டு அழைக்கிற எதிர்சேவைக் கூட்டம் இருக்கிறது. தூண்டில் போடத் தண்ணி இல்லை. உலகனேரிக்கு 2004-ல் உயர் நீதிமன்றக் கிளை வந்தது. வண்டியூர்க் கண்மாயும் செல்லூர்க் கண்மாயும் நாலா பக்கமும் வீடு சூழ்ந்து நிற்கின்றன.

தூண்டில்காரனுக்குத் தூரம் கூடினது ஒரு பக்கம். மீனுக்கும் வழி போச்சு. நம்ம கண்மாய்கள் தனித்தனிக் குட்டை இல்லை. மேல் கண்மாய் நிறைஞ்சு மறுகால் போனால் அந்தத் தண்ணி கீழ்க் கண்மாய்க்கு வரும். அந்த ஓட்டத்தை எதிர்த்து மீன் ஏறும், அதை ஏத்து மீன் என்போம். நடுவில் ஒரு வாய்க்கால் தெருவாகிப் போனால், கீழே இருக்கிற கண்மாய்க்குத் தண்ணியும் இல்லை, மீனும் இல்லை. கெண்டை, கெளுத்தி, குரவை, அயிரை இருந்த இடத்தில், 1952-ல் இந்தியாவுக்கு வந்த ஜிலேபி மட்டும் எந்தத் தண்ணியிலும் தாக்குப்பிடிச்சு நிற்கிறது. நகரத்துத் தம்பிகளின் பையில் பெரும்பாலும் அதுதான் இருக்கும்.

ஆகவே ரெட்டைக் கோல் வாங்குவதில் குறைச்சல் ஒண்ணும் இல்லை. வந்து போடுங்க. வருமுன் ரெண்டு விஷயம். கண்மாயில் மீன்பாசிக் குத்தகை யார் எடுத்திருக்கிறார்கள் என்று ஊரில் விசாரிச்சு, அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். மழைக்காலத்தில் தண்ணி மேலே சிவப்பாகக் குஞ்சுக் கூட்டம் மேய்வதைப் பார்த்தால், அதுக்குக் கீழே தாய் விரால் காவல் நிற்கும். அங்கே முள்ளைப் போடாதீங்க. தாயைத் தூக்கிவிட்டால் குஞ்சு அத்தனையும் மத்த மீனுக்கும் கொக்குக்கும் இரை. அடுத்த தைக்கு நீங்க வரும்போது கண்மாயில் பிடிக்க விரால் வேணுமே.